துவைக்காமல் எடுத்துப் போ

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

ஊரே தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. பகலில் நான் பேனாவைத் தொட்டாலே என் உருண்டைப் பயலுக்கு மூக்கில் வேர்த்துவிடுகிறது. இப்போதுதான் கண்ணை மூடினான்.

இங்கே எல்லோரும் நலம். உன் இடுப்பு வலி குறைந்ததா? சிட்டு குப்புற விழுந்துவிட்டாளா? மாமா இன்னும் அந்தக் கிரேன் உச்சியிலேயேதான் குடியிருக்கிறாரா?

ஒன்று கேட்கிறேன், சிரிக்கக் கூடாது. குழந்தையின் இடுப்புத்துணியில் விழுகிற மஞ்சள் கறைக்கு நீ என்ன செய்கிறாய்? சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். சலவைச் சோடா போட்டு அண்டாவில் கொதிக்க வைத்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கறை அசைய மாட்டேன் என்கிறது. கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கியவளுக்கு ஒரு முழத் துணியை வெளுக்கத் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்தில் மொட்டைமாடிக் கொடி மூன்று வீட்டுக்கும் பொது. நேற்று எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா, "என்னம்மா, தினமும் மஞ்சக் கொடி ஏத்தறீங்க, ஏதாவது கட்சியா?" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். அத்தை ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நான் காயப்போட்டு இறங்கியதும் மேலே போய், கறை இருக்கும் பக்கத்தை உள்பக்கமாக மடித்துத் திருப்பிப் போட்டுவிட்டு வருகிறார். திட்டினால்கூடப் பரவாயில்லை.

அவன் நாளெல்லாம் சிணுங்குகிறான். ஏன் என்று தெரியவில்லை. வெள்ளையாக ஒரு துணியையாவது கொடியில் பார்த்தால், அன்றைக்கு நான் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தேன் என்றாவது இருக்கும்.

உடனே எழுது.

உன் தங்கை

ஜூன் 20

அடியே தங்கச்சி,

உன் கடிதம் இந்த வாரத்து லாரியில் வந்தது. இந்த அணைக்கட்டுக் குவார்ட்டர்ஸுக்குத் தபாலும் தக்காளியும் ஒரே லாரியில்தான் வரும். கடிதத்தில் சிவப்பாக இருந்தால் பயப்படாதே.

எல்லோரும் சுகமாக இருக்கிறோம். சிட்டு குப்புற விழுகிறாள், திரும்பத் தெரியாமல் ஊரைக் கூட்டுகிறாள். மாமாவிடம் உன் கேள்வியைப் படித்துக் காட்டினேன். "மேலே இருந்தா உங்க அக்கா கூப்பிடறது காதுல விழாது. அந்த நிம்மதி கீழே ஏது?" என்கிறார்.

சிரிக்காதே என்றாய். வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்டாவில் கொதிக்க வைத்தாயா! வெந்நீர் ஊற்றினால் கறை துணியோடு குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிடும். பச்சைத் தண்ணீரில் அலசு, சோப்பு போடு, ஈரத்தோடு வெயிலில் விரி. அவ்வளவுதான். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். காலையில் சிட்டுவின் துணியில் கடுகை அரைத்து அப்பினது போல இருக்கும். மத்தியானம் எடுக்கப் போனால், காணோம். பிளீச்சிங் பவுடர் பக்கம் மட்டும் போய்விடாதே, குழந்தைக்குப் புண்ணாகும்.

டைப்பிஸ்ட் அம்மாவிடம், "ஆமா, எங்க கட்சிக்குத் தலைவர் தொட்டில்ல இருக்கார்" என்று சொல்.

நீ தூங்குகிறாயா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். நீங்கள் மூவரும் சுகம் என்பதில் நிம்மதி. தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அடுத்த கேள்விக்குப் போகலாம்.

நீ சொன்னபடியே வெயிலில் விரித்தேன். போகவில்லை. பிறகுதான் உறைத்தது, நீ சொன்னது அவன் வெளிக்குப் போகிற கறைக்கு. அதில் எனக்குத் தொல்லையே இல்லை, அக்கா! உருண்டை வெளிக்குப் போனால் ஈரச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. உதறி அலசினால் துணி புதுத் துணி. அத்தைக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "எங்க பேரன் கறையே வைக்க மாட்டான். தாய்ப்பால் அவ்வளவு சுத்தம்" என்கிறார். என் உயிரை எடுப்பது மூத்திரக் கறைதான். காய்ந்தால் டீயைக் கொட்டிவிட்டது போல நிற்கிறது.

திட்டாதே, பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டேன். கண்டபடி இல்லை, லேபில் செய்வது போல அளந்து கரைத்து, வடிகட்டி, நன்றாக அலசினேன். எல்லாத் துணியும் பளிச்சென்று ஆகிவிட்டது. என் விரல்நுனி உரிந்தது, பரவாயில்லை. டைப்பிஸ்ட் அம்மா, "என்ன, கட்சி மாறிட்டீங்களா?" என்று கேட்டாள். அன்று பூராவும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதே சந்தோஷத்தில் தடுப்பூசிக்குப் போனோம். இருப்பதிலேயே வெள்ளையான துணியைத் தேடிக் கட்டினேன். கிளினிக் வாசலில் நனைத்துவிட்டான். அந்தக் கறையோடு டாக்டர் முன்னால் எப்படிக் கிடத்துவது? வெளியிலேயே வேறு துணி மாற்றி, நனைந்ததைப் பையின் அடியில் திணித்துக்கொண்டு உள்ளே போனேன். "வெளிக்கு ஒழுங்கா போறானா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "கறைகூடப் படியறதில்லை டாக்டர்" என்றார். டாக்டர் சிரித்தார். "கொஞ்சம் மஞ்சளா இருக்கான், காலை வெயில் காட்டுங்க" என்றார். அத்தைக்குக் கோபம். "எங்க பக்கம் எல்லாருமே பொன்னிறந்தான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

எடைதான் ஏறவில்லை. வயிறு மட்டும் நன்றாக உருண்டிருக்கிறது, பெயருக்கேற்ற பிள்ளை. குடிக்கிற பால் எங்கே போகிறது என்று உனக்காவது தெரிந்தால் சொல்.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் தங்கை

தந்தி, ஜூலை 12

மழையில் பாதை அடைப்பு. உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. துணியைத் துவைக்காதே. இரண்டு கறையும் உள்ள துணியைத் துவைக்காமல் டாக்டரிடம் எடுத்துப் போ. இன்றே போ. அக்கா.

ஜூலை 12

என் தங்கத்துக்கு,

இது உன் கையில் கிடைப்பதற்குள் தந்தி வந்திருக்கும். அதைப் பார்த்துப் பதறாதே. தந்தியில் குழைந்து பேச முடியாது, அதனால்தான் அதட்டுவது போல இருக்கும். நாங்கள் சௌக்கியம். மலைச்சரிவில் மண் சரிந்து லாரி வரவில்லை. இன்று மாமாவின் ஆட்கள் இருவர் நடந்தே போய்த் தபால்பையைத் தூக்கி வந்தார்கள். திரும்பிப் போகிறவரிடம் தந்தியையும் இதையும் கொடுத்தனுப்புகிறேன். அவர் செருப்பைப் போடுகிறார், அதற்குள் முடிக்க வேண்டும்.

எனக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் கேட்டு வா என்கிறேன். சிட்டு நனைத்த துணி காய்ந்துவிட்டால் எந்த இடம் நனைந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. அவள் வெளிக்குப் போனதுதான் மஞ்சளாக நிற்கும். உருண்டைக்கு எல்லாம் தலைகீழாக இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி. அப்படித்தான் இருக்கும்.

அவன் கண்ணின் வெள்ளையை ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தாயா? சும்மாதான் கேட்கிறேன்.

துணியை மட்டும் மறந்துவிடாதே. வெட்கப்படாதே. நாறினாலும் எடுத்துப் போ.

அக்கா

ஜூலை 16

அன்புள்ள அக்கா,

தந்தி வந்தது, கடிதம் இன்று வந்தது. உங்கள் பக்கம் மழை விட்டதா? எல்லோரும் பத்திரமாக இருங்கள்.

போய்விட்டு வந்தோம். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பையிலிருந்து வாடை வந்தது. பக்கத்திலிருந்தவள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். உள்ளே போய் மேஜைமேல் துணியைப் பிரித்தேன். டாக்டர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"பொறந்ததிலேருந்தே."

"ஏம்மா சொல்லலை? போன தடவை கேட்டேனே."

"கறை படியலைன்னு சொன்னோமே டாக்டர்."

அவர் அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இமையைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார். வெளிக்குப் போவதற்கு மஞ்சள் நிறம் கொடுப்பது ஈரலிலிருந்து குடலுக்கு இறங்குகிற பித்தமாம். அவனுக்கு அது இறங்கவில்லை. வழி அடைபட்டிருக்கலாம். இறங்காத பித்தம் ரத்தத்தில் ஏறுகிறது. அதுதான் மூத்திரத்தில் வந்து துணியில் நிற்கிறது. இதைத்தான் நான் அளந்து கரைத்து அழித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை கிளம்புகிறோம். சின்ன ஆபரேஷன் ஒன்று தேவைப்படலாம் என்கிறார். மற்றபடி ஒன்றுமில்லை. நீ சிட்டுவைப் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரி விலாசம் பின்பக்கம்.

தங்கை

ஜூலை 22

தங்கச்சி,

நாங்கள் நலம். முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

சைக்கிளிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது ஹாஸ்டலிலிருந்து எனக்கு "சின்னக் கீறல்" என்று எழுதினவள் நீ. உன் "சின்ன"வை நான் அறிவேன். டாக்டர் என்ன சொன்னாரோ அதை அப்படியே, அவர் வாயால் சொன்னபடி எழுது. எனக்கு நீ ஆறுதல் சொல்ல வேண்டாம். யார் யாருக்கு அக்கா?

பாதையில் பாதிதான் மண் எடுத்திருக்கிறார்கள். ஜீப் போகிற அளவுக்கு ஆனதும் வருகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

எழுது.

அக்கா

ஜூலை 27

அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் இருக்கிறேன்.

வார்டுக்கு வெளியே, நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவனை ஸ்கேனுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். பெரிய டாக்டர் நேற்றுச் சொன்னது இதுதான், ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை:

"ஈரல்லேருந்து குடலுக்கு நேரா ஒரு வழி வெச்சுத் தைப்போம். சில பிள்ளைங்களுக்குப் பித்தம் இறங்கும். சிலதுக்கு இறங்காது. எவ்வளவு சீக்கிரம் செய்யறோமோ அவ்வளவு நல்லது. நீங்க லேட்டா வந்திருக்கீங்க. இறங்கலைன்னா ஈரல் தாங்காது. ரெண்டு வயசுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

உருண்டையின் அப்பா, உன் மாப்பிள்ளை, கேட்டார்: "போன மாசமே வந்திருந்தா?" டாக்டர் பேனாவை மூடினார். அந்த மூடியின் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. போன மாதம் இதே நாட்களில் நான் மொட்டைமாடியில் வெள்ளைத் துணி பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை வீட்டிலிருந்து ஒரு பை நிறைய இடுப்புத்துணி கொண்டுவந்தார். எல்லாம் நான் வெளுத்தவை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். "நான்தானேம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, பிடிக்கவில்லை. பிடித்தால் இரண்டு பேரும் உடைந்துவிடுவோம். உருண்டை பார்த்துக்கொண்டிருந்தான்.

நாளை மறுநாள் ஆபரேஷன். நீ என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் எழுது.

தங்கை

ஆகஸ்ட் 2

என் கண்ணே,

இதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எப்படி முடிந்தது என்று தெரியாமல் எழுதுவது, இருட்டில் கல் எறிவது போல இருக்கிறது. இரண்டு முறை கிழித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ எதையும் மறைக்கவில்லை. அழுக்குத் துணியைத் துவைத்தாய். உலகத்தில் எல்லா அம்மாக்களும் செய்வதைக் கொஞ்சம் அதிக ஒழுங்காகச் செய்தாய். டாக்டர் கேட்டதற்கு உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னீர்கள். உன் அத்தைக்கும் இதைப் படித்துக் காட்டு.

மறுபடி மழை. நேற்று ஜீப் பாதி வழியில் திரும்பிவிட்டது.  எப்போதும் பாடிக்கொண்டே கிரேனில் ஏறுகிற மாமாவிடம் இன்று பாட்டு இல்லை.

சிட்டுவைப் பற்றி நான் எழுதவில்லை என்று நினைக்காதே. நன்றாக இருக்கிறாள். அதை எழுதக் கை கூசுகிறது.

சாப்பிடு. பால் கட்டிக்கொள்ள விடாதே, பிழிந்து எடு. அவன் கேட்பான்.

அக்கா

ஆகஸ்ட் 9

அக்கா,

உன் கடிதத்தை அத்தையிடம் படித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க அக்கா சாப்பிட்டாளான்னு கேட்டு எழுது" என்றார். கேட்டுவிட்டேன்.

உயிரோடு வெளியே வந்தான். அவன் வயிற்றின் குறுக்கே நீளமாக ஒரு தையல். பால் குடிக்கிறான். அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவன் நேற்றுத்தான் முழுதாக அழுதான். வார்டே திரும்பிப் பார்த்தது.

பித்தம் இறங்கினால் வெளிக்குப் போவது மஞ்சளாக மாறும். அதுதான் அடையாளம். இதுவரை மாறவில்லை. வெள்ளைதான். ஒவ்வொரு முறையும் துணியைப் பிரிக்கும் முன் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

பதில் போடு.

தங்கை

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மழைதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறேன். நீயும் மாமாவும் சிட்டுவும் நலமாக இருக்க வேண்டும். வேறு எதையும் இப்போது என்னால் நினைக்க முடியாது.

இரண்டு நாளாகத் துணியில் ஏதோ தெரிகிறது. ஏதோ என்றுதான் சொல்ல முடிகிறது. நேற்றுக் காலை உன் மாப்பிள்ளை பெயின்ட் கடையிலிருந்து நேராக வந்தார், கையில் பச்சையும் நீலமுமாக. துணியைப் பார்த்ததும், "மஞ்சள் வந்துடுச்சு பார்!" என்று கத்தினார். எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அத்தையைக் கேட்டோம். "லேசா இருக்கு... இல்லையோ?" என்றார். ஜன்னலுக்குக் கொண்டுபோனால் ஒரு நிறம், விளக்கடியில் வேறு நிறம். வார்டு நர்ஸ், "மருந்து நிறமாவும் இருக்கலாம்மா, ரத்தம் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். ரத்தப் பரிசோதனை அடுத்த வாரம்தான். பெரிய டாக்டர் வந்தபோது துணி காய்ந்துவிட்டது. "நிஜமான மஞ்சள் வந்தா உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா, நிஜமான மஞ்சள் எது? நான் பார்த்ததே இல்லை. இவன்தான் என் முதல் பிள்ளை. பிறந்த நாளிலிருந்து இவனிடம் நான் பார்த்தது இந்த வெள்ளையை மட்டும்தான். இந்த வார்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே வியாதி. எந்தத் தாயிடம் போய்க் கேட்பது? நாங்கள் எல்லோரும் ஒருத்தர் துணியை ஒருத்தர் எட்டிப் பார்க்கிறோம், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறோம்.

இன்று அவர் கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டும் நிற அட்டையைக் கொண்டுவந்தார். வெள்ளையில் ஆரம்பித்துப் பழுப்பு வரை கட்டம் கட்டமாகப் போகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு எது, சந்தனம் எது என்று பார்த்து எடுப்பதற்கு. நானும் அவரும் தனித்தனியாகத் துணியோடு ஒட்டவைத்துப் பார்த்து, ஆளுக்கு ஒரு கட்டத்தில் குறி போட்டோம். இரண்டும் ஒரே கட்டம் இல்லை. அவர் போட்டதற்கும் நான் போட்டதற்கும் நடுவில்தான் உருண்டை இருக்கிறான்.

அதே போல இன்னொரு அட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் எந்தக் குறியும் இல்லை. சிட்டு அடுத்த தடவை வெளிக்குப் போனதும், ஈரம் காயும் முன், வெயிலில் காட்டும் முன், வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார். எந்தக் கட்டமோ அதில் பேனாவால் ஒரு கோடு போடு. எங்கள் குறி எதில் என்று உனக்கு எழுத மாட்டேன். தெரிந்தால் என் மேலிருக்கும் பிரியத்தில் நீ பக்கத்திலேயே போட்டுவிடுவாய். அது வேண்டாம். உள்ளதை உள்ளபடி போடு. அதிலிருந்து நாங்கள் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறோம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஆறுதலாக ஒரு வரியும் எழுத வேண்டாம். அட்டையை மட்டும் உறையில் போட்டு அனுப்பினால் போதும். லாரி வராவிட்டால் நடந்து போகிறவர் யாரிடமாவது கொடு.

சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை